நம்பர் சொல்லு, அபர்ணா

அபர்ணாவின் இரண்டு கைகளும் இட்லி மாவுக்குள் இருந்தன. ஆக்லாந்தின் ஜூன் மாதக் குளிரில் மாவு பொங்குவது லேசுப்பட்ட காரியமில்லை. கைச்சூடு ஏறும்வரை அடித்துக் கலக்கி, வெந்நீர்த் தொட்டி இருக்கும் அலமாரிக்குள் கொண்டுபோய் வைத்து, சாமியையும் கும்பிட்டுக்கொள்ள வேண்டும். ஜன்னலுக்கு வெளியே தகனினி புறநகரின் புது வீடுகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்ததுபோல வரிசையாக மழையில் நனைந்துகொண்டிருந்தன.

மேடைமேல் கிடந்த கைப்பேசி ஒருமுறை உறுமியது.

"அபர்ணா, நம்பர் வந்துச்சா?" மாடியிலிருந்து ராம்பிரசாத்தின் குரல்.

அவள் கழுத்தை மட்டும் நீட்டி எட்டிப் பார்த்தாள். "நாலு, ஏழு, ஏழு, ரெண்டு..."

"கடைசி ரெண்டு?"

"ஆறு, ஒண்ணு."

"தேங்க்ஸ்மா. இது பேங்க். அடுத்த வாரம் அமெரிக்கா டேக்ஸுக்கும் ஒண்ணு வரும். போனைப் பக்கத்துலயே வச்சுக்க."

சரி என்று சொல்லிவிட்டு அவள் மறுபடி மாவுக்குத் திரும்பினாள். எதற்கான நம்பர், எதில் போய் விழுகிறது என்று கேட்கும் வழக்கம் அந்த வீட்டில் இல்லை. கல்யாணமாகி நியூ ஜெர்சிக்குப் போன புதிதில் ராம்பிரசாத் காகிதங்களைக் கொண்டுவந்து, கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் மஞ்சள் ஒட்டுத்தாள் ஒட்டி, கூடவே ஒரு தம்ளர் காப்பியும் வைப்பான். "இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு. அவ்வளவுதான் உனக்கு வேலை." அவள் போட்டு முடித்ததும் நெற்றியில் ஒரு முத்தம். தோழிகளெல்லாம் பொறாமைப்பட்டார்கள். பணக் கவலையே இல்லாமல் வைத்திருக்கிற புருஷன் யாருக்குக் கிடைப்பான்? இருவரும் அமெரிக்கக் குடிமக்களானார்கள், பிறகு அமைதியான வாழ்க்கை வேண்டுமென்று ஆக்லாந்துக்கு வந்தார்கள். மஞ்சள் ஒட்டுத்தாள் போய், கைப்பேசிக்கு வரும் ஆறு இலக்கம் வந்தது; கணினியில் அதைத் தட்டினால் அவள் கையெழுத்துப் போட்டதாகக் கணக்கு. முத்தமும் காப்பியும் எந்த ஊரில் தவறிப்போயின என்று அவளுக்கு நினைவில்லை.

வேடிக்கை என்னவென்றால், இதே அபர்ணா மவுண்ட் வெல்லிங்டன் ஷாப்பிங் சென்டரில் உள்ள மருந்துக்கடையில் மருந்தாளராக வேலை பார்க்கிறாள். அங்கே ஒவ்வொரு மருந்துப் பெட்டியின் மேலும் சரிபார்த்தவர் தன் முதலெழுத்தைப் போட வேண்டும். வரிசை வாசல்வரை நீண்டாலும், மேனேஜரே வந்து அவசரப்படுத்தினாலும், மாத்திரையைக் கண்ணால் பார்க்காமல் அவள் அந்த எழுத்தைப் போட்டதில்லை. "அபர்ணாவின் 'அ' விழுந்துவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கலாம்" என்று அங்கே ஒரு பேச்சே உண்டு. வீட்டுக்கு வந்தால் அந்தக் கண்களைக் கழற்றி வைத்துவிடுவாள்.

அன்று மதியம் மகேசன் வீட்டில் பால் காய்ச்சினார்கள். மகேசனும் நிசாந்தினியும் யாழ்ப்பாணத்துக்காரர்கள். பல வருடம் ஹூஸ்டனில் இருந்துவிட்டு, போன ஆண்டுதான் ஆக்லாந்துக்கு வந்து, இப்போது த்ரீ கிங்ஸில் வீடு வாங்கியிருந்தார்கள். இந்த ஊர் வழக்கப்படி பெண்கள் அடுப்படியிலும், ஆண்கள் கம்பளம் விரித்த கராஜிலுமாகப் பிரிந்து உட்கார்ந்திருந்தார்கள். நிசாந்தினி கொடுத்த பாயசக் கிண்ணத்தோடு அபர்ணா கராஜ் கதவருகே வந்தபோது உள்ளே சுந்தரம் பேசிக்கொண்டிருந்தார்.

அமெரிக்காவிலிருந்து இங்கே வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்கு அந்த நாட்டு வருமான வரிக் கணக்கைத் தயாரித்துக் கொடுப்பவர் சுந்தரம். எங்கே இருந்தாலும் அமெரிக்கக் குடிமகன் வருடாவருடம் அங்கே கணக்குக் காட்டியாக வேண்டும் என்பது சட்டம். சுந்தரத்தின் கைராசி என்றால் சும்மா இல்லை என்று கோயிலில்கூடப் பேசிக்கொள்வார்கள்.

"இத பாருங்க மகேசன்," சுந்தரம் வடையைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டார். "ரிடையர்மென்ட்டுக்கு அங்க ரெண்டு உண்டியல். முதல் உண்டியல்ல போடறப்போ வரி இல்ல, வயசானப்புறம் எடுக்கறப்போ கட்டணும். ரெண்டாவதுக்கு ராத்னு பேரு. அதுல வரி கட்டின பணத்தைப் போடறோம், அப்புறம் எவ்வளவு வளந்தாலும் வரி கிடையாது. ஆனா பெரிய சம்பளக்காரன் அதுல நேரா போட முடியாது. அதனால வரி கட்டின பணத்தையே முதல் உண்டியல்ல போட்டு, உடனே ரெண்டாவதுக்கு மாத்திடறது. பேக்டோர்னு பேரு. பின்வாசல்."

"ஓம், அது சட்டப்படிதானே. எங்கட ஹூஸ்டன் ஆளும் சொன்னவர்," என்றார் மகேசன். "ஆனா முதல் உண்டியலுக்குள்ள வரி கட்டாத பழைய காசு கிடந்தா சிக்கல் எண்டும் சொன்னவர். நிசாந்தினிக்கு அப்பிடி ஒரு கணக்குக் கிடக்கு."

"அங்கதான் நான் வர்றேன்." சுந்தரம் விரலில் வழிந்த எண்ணெயை நக்கினார். "நம்ம ராம்பிரசாத் சார் வீட்டையே எடுத்துக்குங்க. மேடம் நியூ ஜெர்சி ஆஸ்பத்திரில வேலை பார்த்துச் சேர்த்த பணம் அப்படியே முதல் உண்டியல்ல இருக்கு. ஒழுங்கா பார்த்தா, மாத்தற பணத்துல பெரும்பகுதிக்கு வரி வரும். பழைய பணம் எவ்வளவுன்னு ரிட்டர்ன்ல ஒரு கட்டம் கேக்கும். நான் அதுல பூஜ்யம்னு போட்டுடறேன். முடிஞ்சுது. மூணு வருஷமா ஒருத்தன் ஏன்னு கேக்கல."

"பிடிச்சினமெண்டா?"

"பிடிச்சா மேடத்தைத்தானே பிடிப்பான். கணக்கு அவங்க பேரு, கையெழுத்து அவங்க கையெழுத்து. சார் கணக்கெல்லாம் கழுவி வச்ச கண்ணாடி."

கராஜே குலுங்கிச் சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவிலிருந்து ராம்பிரசாத்தின் குரல் உற்சாகமாகக் கிளம்பியது. "ஜெயில்ல இட்லி கிடைக்காதுன்னு இப்பவே சொல்லிப் பழக்கிக்கிட்டிருக்கேன்."

மறுபடி சிரிப்பு. யாரோ அவன் முதுகில் தட்டினார்கள்.

வாயிலிருந்த ஒரு கரண்டிப் பாயசத்தை அபர்ணாவால் விழுங்க முடியவில்லை. தலைமுடி சிக்கியதுபோல் நாக்கில் ஏதோ ஒட்டியது. கிண்ணத்தை அங்கிருந்த வாஷிங் மெஷின் மேல் வைத்துவிட்டு, சத்தமில்லாமல் திரும்பிப் போய்க் குளியலறைத் தொட்டியில் துப்பினாள். முகம் கழுவினாள். கண்ணாடியில் தெரிந்த பட்டுப்புடவைக்காரியைப் பார்க்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது மோட்டார்வேயில் வண்டிகள் ஊர்ந்தன. ராம்பிரசாத் வழக்கமான பாட்டை ஆரம்பித்தான். "இந்த ஊர்ல பாதிப் பேர் அரசாங்கக் காசுல உக்காந்து சாப்பிடறான். நேர்மையா வேலை செய்யறவன்தான் முட்டாள்." அடுத்து என்ன வரும் என்று அவளுக்குத் தெரியும். பத்தொன்பது வயதில் டிரைவிங் லைசென்ஸ் எடுக்கப் போனபோது ஆர்.டி.ஓ. ஆபீஸில் ஒருவர் ஐநூறு ரூபாய் கேட்டது, இவன் கொடுக்க மறுத்து மூன்று முறை அலைந்தது, அன்றைக்கே அந்த நாட்டில் இருக்கக் கூடாது என்று முடிவெடுத்தது. அந்தக் கதையில்தான் அவள் முதன்முதலாக அவன்மேல் மயங்கினாள். பெண் பார்க்க வந்த அன்று மொட்டைமாடியில் நின்று சொன்னான். சொல்லும்போது அவன் காது மடல்கள் சிவந்திருந்தன.

"ராம், சுந்தரம் பிடிச்சா மேடத்தைப் பிடிப்பான்னு சொன்னப்போ நீங்க ஏன் சிரிச்சீங்க?"

அவன் திடுக்கிட்டது ஸ்டியரிங்கில் தெரிந்தது. "அங்க நின்னியா? அது ஜோக்குமா."

"எது ஜோக்கு? பூஜ்யமா, நான் ஜெயிலுக்குப் போறதா?"

"ஜெயிலுக்கெல்லாம் யாரும் போக மாட்டாங்க. சும்மா ஆம்பளைங்க பேச்சு. உனக்கு இதெல்லாம் புரியாது, விடு. எல்லாரும் பண்றதுதான்."

"ஐநூறு ரூபா கேட்டவரும் அதைத்தானே சொல்லியிருப்பாரு."

தகனினி வரை அவன் கண்ணாடி துடைப்பானின் வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதுமாக இருந்தான்.

திங்கட்கிழமை சாப்பாட்டு இடைவேளையில் அபர்ணா கம்சாயினியைப் பார்க்கப் போனாள். கம்சாயினி அமெரிக்க வரிக் கணக்கு பார்க்க முறையாகப் படித்துத் தேறியவர். மருந்துக்கடைக்கு இரண்டு தெரு தள்ளி, டயர்க் கடையின் மேல்மாடியில் அவருடைய அலுவலகம் இருந்தது. ஆஸ்துமா இன்ஹேலர் வாங்க வரும்போது பழக்கம்.

அபர்ணா எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை கம்சாயினி குறுக்கே பேசவில்லை. பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"உங்கட மனுசன்ர கணக்கில பூச்சியம் சரி. அவருக்கு அந்த மாதிரி பழைய காசு இல்லை. உங்கட கணக்கில பூச்சியம் எண்டது பச்சைப் பொய். நீங்கள் சொதி வைக்கிறனீங்களோ?"

"சாம்பார்தான் வைப்பேன்."

"அதுவும் ஒண்டுதான். உப்பைப் போட்டுக் கலக்கினாப் பிறகு, உப்பில்லாத அகப்பை ஒண்டு தனியா எடுக்கேலுமோ? உண்டியலுக்குள்ள வரி கட்டாத பழைய காசும், வரி கட்டின புதுக் காசும் கலந்துபோச்சு. எடுத்து மாத்திற ஒவ்வொரு டொலரிலயும் ரெண்டும் இருக்கும். வரி கட்டாத பங்குக்கு வரி கட்டத்தான் வேணும். எவ்வளவு போட்டம், எவ்வளவு மாத்தினம், மிச்சம் எவ்வளவு கிடக்கு எண்டு உள்ளதைச் சொல்லுறதுக்குத்தான் அந்தப் படிவம்."

"அப்போ பின்வாசலே தப்பா?"

"பின்வாசலில பிழை இல்லை. சட்டமே திறந்துவிட்ட கதவு. போறதைச் சொல்லிப்போட்டுப் போகலாம். தலையில முக்காடு போட்டுக்கொண்டு போறதுதான் களவு. அதோட, உங்கட கணக்கு இருக்கிற கொம்பனி, வருசக் கடைசியில எவ்வளவு கிடக்கு எண்டு தானே வரிக் கந்தோருக்கு அனுப்பும். அவையளுக்குத் தெரியாதெண்டு நினைக்கிறது பூனை கண்ணை மூடின கதை."

அபர்ணா தயங்கிக் கேட்டாள். "என்னை மட்டும்தான் பிடிப்பாங்கன்னு சொல்றாங்களே?"

கம்சாயினி முதல் தடவையாகச் சிரித்தார். அதில் சந்தோஷம் இல்லை. "விசர்க்கதை. நீங்கள் ரெண்டு பேரும் சேர்ந்து ஒரே கணக்காத்தானே குடுக்கிறியள்? அப்ப ரெண்டு பேருக்கும் முழுப் பொறுப்பு. மனுசிக்குப் பின்னால ஒளிஞ்சால் தப்பலாம் எண்டு நினைக்கிற ஆம்பிளையளை நான் கனபேரைக் கண்டிட்டன். ஒளியவும் தெரியாது அவைக்கு." பிறகு குரலைத் தணித்தார். "ஒரு கேள்வி கேக்கிறன், கோவிக்காதேங்கோ. மூண்டு வருசமும் நீங்கள் வாசிச்சனீங்களோ?"

அபர்ணா இல்லையென்று தலையசைத்தாள்.

"பரவாயில்லை. நாங்களே முன்னுக்குப் போய்த் திருத்திக் குடுத்தால் வரியும் வட்டியும் கட்டி, அபராதம் வந்தா அதையும் கட்டிப்போட்டு நிம்மதியா இருக்கலாம். அவையளாக் கண்டுபிடிச்சால் நிலைமை வேற. இந்த வருசத்துக்கு நான் தவணை கேட்டு எழுதலாம். ஆனா உந்தப் பூச்சியத்துக்குக் கையெழுத்துப் போட்டு அனுப்பிப்போட்டு என்னட்டை வராதேங்கோ."

அன்று சாயங்காலமே அபர்ணா ராம்பிரசாத்திடம் சொல்லிவிட்டாள். இந்த வருடம் நம்பர் கிடையாது. மூன்று வருடக் கணக்கையும் திருத்திக் கொடுக்க வேண்டும்.

அவன் முதலில் சிரித்தான். பிறகு வாதாடினான். பிறகு கத்தினான். "யாரோ ஒருத்தியோட பேச்சைக் கேட்டுட்டு நம்ம பணத்தைத் தூக்கிக் கொடுக்கச் சொல்றியா? இது நம்ம ரிடையர்மென்ட்டும்மா. உனக்காகத்தான் பண்றேன்."

"எனக்காக எங்கிட்ட சொல்லாமயா?"

"சொன்னா புரியுமா உனக்கு?"

அவள் படித்தது ஐந்து வருட மருந்தியல். எந்த மாத்திரையோடு எது சேர்ந்தால் உயிர் போகும் என்பது அவளுக்கு மனப்பாடம். இருந்தாலும் அவள் பதிலுக்கு எதையும் எடுத்து வீசவில்லை. தட்டுகளைக் கழுவி அடுக்கிவிட்டுப் போய்ப் படுத்துவிட்டாள். வெறுப்பு சத்தம் போடாது. ஈரச் சுவரில் பூஞ்சை படர்வதுபோல, அது பாட்டுக்குப் படரும். கோயில் கும்பாபிஷேகத்துக்கு நன்கொடை கொடுத்ததற்காக அவனுக்குப் பொன்னாடை போர்த்திய படம் அவன் மேசையில் இருந்தது. மறுநாள் தூசி தட்டும்போது அவள் கை அதைத் தொடாமலே தாண்டிப் போயிற்று. அவன் சுவைத்துக் குடிக்கும் ஓசை, போனில் சுந்தரத்திடம் அவன் இழுக்கும் "சார்...", எல்லாமே அவளுக்குக் குமட்டியது. இத்தனை வருடம் இந்த ஓசைகளோடுதான் இருந்தோமா என்று இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை ராம்பிரசாத் சீக்கிரமே எழுந்து டிகாக்ஷன் இறக்கினான். பாலைப் பொங்கவிடாமல் காய்ச்சி, அவளுக்குப் பிடித்தபடி சர்க்கரை குறைத்து, நுரை பொங்க ஆற்றிக் கொண்டுவந்தான்.

"ஸாரிமா. கத்தியிருக்கக் கூடாது."

பழைய நியூ ஜெர்சிக் காப்பி வாசனை. அபர்ணாவின் மனசு அவளைக் கேட்காமலே கொஞ்சம் இளகியது. பெண் மனசு என்று நான் சொல்ல மாட்டேன். காதலித்த மனசு எல்லாருக்கும் அப்படித்தான். காப்பியைக் குடித்துவிட்டு, தலைக்கு எண்ணெய் வைத்துக் குளிக்கப் போனாள்.

ஷாம்பூ தீர்ந்திருந்தது. புதுப் பாட்டில் கீழே சலவை அறையில் இருந்தது. தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு படியிறங்கி வந்தவள், பாதிப் படியிலேயே நின்றுவிட்டாள்.

சாப்பாட்டு மேசையில் மடிக்கணினி திறந்திருந்தது. பக்கத்தில் ராம்பிரசாத். அவன் இடது கையில் அவளுடைய கைப்பேசி. திரையைப் பார்த்துப் பார்த்து, வலது கையின் ஒற்றை விரலால் ஒவ்வொரு இலக்கமாகத் தட்டிக்கொண்டிருந்தான்.

"நம்பர் வந்துச்சா, ராம்?"

அவன் கை அப்படியே நின்றது. திரும்பியபோது அவன் முகம், கடைசி நேரத்தில் பிட்டுத்தாளோடு பிடிபட்ட மாணவனின் முகமாக இருந்தது. "இன்னும் அனுப்பல," என்றான். "நாளைக்குக் கடைசி நாள் அபர்ணா. சுந்தரம் சார் இப்பவே..."

"என் போன் பூட்டியிருந்துதே. எப்படித் திறந்தீங்க?"

அவன் கைப்பேசித் திரையைக் கட்டைவிரலால் மறைத்தான்.

"சொல்லுங்க. நாலு இலக்கம்தானே. இத்தனை வருஷமா நான் உங்களுக்கு வாய்விட்டுச் சொல்லியிருக்கேன். இன்னைக்கு ஒரு தடவை நீங்க சொல்லுங்க."

"விடு அபர்ணா."

"சொல்லுங்க."

"பூஜ்யம், நாலு... பூஜ்யம், ஒன்பது."

"அது என்ன தேதி?"

"நம்ம கல்யாண நாள்."

அபர்ணா மீதிப் படிகளையும் இறங்கி வந்தாள். தலையிலிருந்து எண்ணெய் ஒரு சொட்டு நெற்றியில் இறங்கியதை அவள் துடைக்கவில்லை.

"காப்பி போட்டு என்னைக் குளிக்க அனுப்பிட்டு, கல்யாணத் தேதியைச் சாவியாப் போட்டு, என் கையெழுத்தைத் திருடறீங்க. எனக்குக் கோபம்கூட வரல ராம். குமட்டுது. ஒரு கதை சொல்லுவீங்களே, ஐநூறு ரூபாய்க்கு மேஜைக்கு அடியில கை நீட்டினவரைப் பத்தி. அந்த மனுஷன் நீட்டினது தன் கையை. நீங்க நீட்டறது என் கையை."

மழை ஓய்ந்திருந்தது. பக்கத்து வீட்டில் யாரோ வேலியைத் தாண்டிப் போன பந்தைக் கேட்டு ஆங்கிலத்தில் கூப்பிட்டார்கள். ராம்பிரசாத் கைப்பேசியை மேசைமேல் வைத்தான். அவள் அதை எடுக்கவில்லை. அழுகிப்போன எலுமிச்சம்பழத்தைக் குப்பையில் போடும் முன் இரண்டு விரலால் பிடித்துப் பார்க்கும்போது அவள் முகம் எப்படி இருக்கும் என்பது அவனுக்குத் தெரியும். அந்த முகம் இப்போது கைப்பேசியை அல்ல, அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது. வரி அதிகாரிக்கோ வட்டிக்கோ பயப்படாதவன், அந்தப் பார்வைக்கு முன்னால் கூசிப்போனான். மெதுவாக மடிக்கணினியை மூடினான்.

"நான் உன்னை மாட்டிவிடணும்னு நினைக்கல," என்றான், மேசையைப் பார்த்தபடி.

"தெரியும். என்னைப் பத்தி நினைக்கவே இல்ல. அதான் விஷயம்."

அன்று மாலையே அவன் சுந்தரத்தைக் கூப்பிட்டு, தன் கணக்கை இனி பார்க்க வேண்டாம் என்றான். சுந்தரம் சிரித்த சிரிப்பு அறைக்கு வெளியே கேட்டது. "என்ன சார், வீட்ல அம்மா ஆட்சியா?" ராம்பிரசாத் போனை வைத்துவிட்டான். கம்சாயினி இந்த வருடக் கணக்குக்குத் தவணை எழுதினார். பழைய கணக்குகளைப் பிரித்து எடுத்து, எந்த வருடம் எவ்வளவு போட்டது, எவ்வளவு மாற்றியது, அப்போது பழைய பணம் எவ்வளவு இருந்தது என்று ஒவ்வொன்றாகத் திருத்தினார். கட்ட வேண்டிய தொகை வந்தபோது ராம்பிரசாத் ஒரு நாள் முழுக்கச் சரியாகச் சாப்பிடவில்லை. வாங்கவிருந்த புது கார் தள்ளிப் போனது. உயிர் ஒன்றும் போகவில்லை.

ஆகஸ்ட் மாதத்தில் ஒரு நாள் இருவரும் டயர்க் கடை மாடியில் உட்கார்ந்திருந்தார்கள். கம்சாயினி கணினித் திரையை அபர்ணாவின் பக்கம் திருப்பி வைத்தார். அவளுடைய கைப்பேசி உறுமியது. பழக்க தோஷம், ராம்பிரசாத்தின் கை தானாக நீண்டது. பாதி வழியில் நினைவு வந்து, அந்தக் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் முழங்காலைத் தடவிக்கொண்டான்.

அபர்ணா முதல் பக்கத்திலிருந்து வாசித்தாள். புரியாத இடத்தில் நிறுத்திக் கேட்டாள். மருந்துப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதுபோல் ஒவ்வொரு எண்ணையும் பார்த்தாள். முன்பு பூஜ்யம் இருந்த கட்டத்தில் இப்போது அவள் உழைத்த வருடங்கள் எண்ணாக நின்றன. அதைக் கொஞ்சம் கூடுதல் நேரம் பார்த்தாள். இவ்வளவு சம்பாதித்திருக்கிறோம் என்பதே அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. பிறகு தானே ஆறு இலக்கத்தையும் தட்டினாள்.

காரில் ஏறியதும் மகேசனின் அழைப்பு வந்தது. வண்டியின் ஒலிபெருக்கியில் அவர் குரல் நிறைந்தது. "ராம், உங்கட சுந்தரத்திட்ட எங்கட வேலையையும் குடுப்பமெண்டு யோசிக்கிறன். நிசாந்தினியின்ர பேரிலதானே கணக்கு. ஆள் நம்பிக்கையோ?"

ராம்பிரசாத்தின் காது மடல்கள் சிவந்தன. அபர்ணா பார்த்தாள். மொட்டைமாடியில் நின்ற பையனுக்குச் சிவந்த அதே மடல்கள்.

"மகேசன், நிசாந்தினி பக்கத்துல இருக்காங்களா? ஸ்பீக்கர்ல போடுங்க."

"ஏன்? சரி... இந்தா, போட்டிட்டன்."

"நிசாந்தினி, நான் ராம்பிரசாத். மகேசனோ, நானோ, வேற எவனோ வந்து நீட்டற எதுலயும் வாசிக்காம கையெழுத்துப் போடாதீங்க. நம்பர் வந்தாலும் சொல்லாதீங்க. ஊர்ல லஞ்சம்னு திட்டிட்டுக் கப்பல் ஏறி வந்தவன், இங்க வந்து பொண்டாட்டி கையால திருடினேன். நம்பிக்கைன்னு அவ கொடுத்ததை நான் முகமூடியா போட்டுக்கிட்டேன். வரியை மறைக்கறதும் லஞ்சம் வாங்கறதும் ஒண்ணுதான். அதை வீட்டுக்காரி பேர்ல செய்யறது அதைவிடக் கேவலம். கையெழுத்து இரவல் வாங்கற பொருள் இல்ல. புருஷன்கூட வாங்கக் கூடாது."

மறுமுனையில் நிசாந்தினியின் குரல், கணவனுக்கு எட்டும்படி நிதானமாக வந்தது. "இஞ்சேருங்கோ, கேட்டுதோ? எங்கட கணக்குப் பேப்பர் முழுக்க இஞ்சாலை கொண்டுவாங்கோ."

அழைப்பு துண்டானது. ராம்பிரசாத் அபர்ணாவைப் பார்த்தான். பாராட்டு எதிர்பார்க்கிற பார்வை. அவள் வெளியே டயர்களை உருட்டிக்கொண்டு போகிறவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உன் போனைத் திறக்கற நம்பரை மாத்திட்ட போல," என்றான் மெல்ல. "காலையில நீ தட்டறப்போ பார்த்தேன். நம்ம தேதி இல்ல."

"ஆமா."

"திரும்ப அதையே வைப்பியா?"

அபர்ணா சீட் பெல்ட்டை இழுத்து மாட்டினாள். "வைப்பேன். அந்தத் தேதியைப் பார்த்து எனக்குக் குமட்டாத ஒரு நாள் வரட்டும். காப்பி போட்டு வராது அது. நேர்மையா நடந்துதான் வரும். இப்ப வண்டியை எடுங்க, எனக்குக் கடைக்கு நேரமாச்சு."